மரணப் பள்ளத்தாக்கிலிருந்து மொஹாவி வரை: இருபது விலங்குகள் இழுத்த வெண்கார வண்டிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வெண்காரம் நமக்குப் பழகிய பொருள். பொற்கொல்லர் பற்றாசு வைக்கும்போது உலோகத்தின் மேற்பரப்பில் கறை படியாமல் காக்க அதைத்தான் தூவுகிறார். சித்த மருத்துவச் சரக்குகளிலும் அதற்கு இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அதே வெண்காரம் கண்ணாடி, பீங்கான் மெருகு, சலவை, உலோக வேலை எனப் பல தொழில்களுக்கு டன் கணக்கில் தேவைப்பட்டது. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில், அதாவது டெத் வேலியில், அது தரையிலேயே கிடந்தது. ஆனால் அதை வாங்குவோர் இருந்த உலகத்துக்கும் அதற்கும் இடையே, இரயில் நிலையம் இருந்த மொஹாவி ஊர் வரை, 165 மைல், அதாவது ஏறக்குறைய 265 கிலோமீட்டர் பாலைவனம் இருந்தது. 1883-இன் இறுதி முதல் 1888 வரை அந்தப் பாலைவனத்தைக் கடந்து சென்ற வண்டித் தொடர்களையே இங்கு ஆராய்கிறேன்.

இவ்வண்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் பருமனையும், பூட்டப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கையையும் வியந்து அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். வண்டியின் அளவு, வழியில் கிடைக்கும் தண்ணீர், விலங்குகளின் தீவனம், பயண நாட்கள் ஆகிய நான்கையும் ஒரே கணக்கில் பொருத்திக் காட்டியதே இந்நிகழ்வின் மையச் சாதனை என்பது என் கருத்து. அவற்றுள் ஏதேனும் ஒன்று பிசகியிருந்தாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போயிருக்கும்.

களமும் சரக்கும்

1881-இல் ஏரன் விண்டர்ஸ் என்பவர் பள்ளத்தாக்கின் தரையில் கிடந்த வெண்ணிறப் பொருளில் கந்தக அமிலத்தையும் சாராயத்தையும் ஊற்றித் தீ வைத்தார்; வெண்காரத்தின் மூலத் தனிமமான போரான் இருந்தால் எழும் பச்சை நிறச் சுடர் எழுந்தது. அவரும் அவருடைய மனைவி ரோசியும் பெற்றிருந்த உரிமையைச் சான் பிரான்சிஸ்கோ வணிகர் வில்லியம் டெல் கோல்மன் 20,000 டாலருக்கு வாங்கி, ஃபர்னஸ் கிரீக் நீரோடைக்கு அருகில் ஹார்மனி வெண்காரத் தொழிற்கூடத்தை நிறுவினார். பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ளது. ஹார்மனிக்குப் பக்கத்தில், அதற்கு உணவும் தீவனமும் விளைவிக்கத் தொடங்கப்பட்ட கிரீன்லாந்து பண்ணையில்தான் பிற்காலத்தில், 1913 ஜூலை 10 அன்று, 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

சரக்கு சுரங்கம் தோண்டி எடுக்கப்பட்டது அன்று. யூலெக்சைட் என்னும் கனிமம் வறண்ட ஏரிப்படுகையின் மேற்பரப்பில் பஞ்சு உருண்டைகளைப் போலத் திரண்டு கிடந்தது. அதைச் சீனத் தொழிலாளர்கள் சுரண்டிச் சேர்த்தனர். மண்ணோடு கலந்த அந்த உருண்டைகளை அப்படியே 165 மைல் கொண்டு சென்றால் விலைபோகாத எடைக்கும் வண்டிக்கூலி கொடுக்க நேரும். ஆகவே அவற்றைச் சோடாவுடன் சேர்த்துக் கொதிக்க வைத்து, சுண்ணாம்புப் பகுதியை அடியில் படியவிட்டு, தெளிந்த கரைசலைத் தொட்டிகளில் ஆறவைத்து, அதில் தொங்கவிடப்பட்ட கம்பிகளின் மேல் வெண்காரப் படிகங்களாக வளரச் செய்தனர். கரைசல் போதிய அளவு ஆறினால்தான் படிகம் திரளும். மரணப் பள்ளத்தாக்கின் கோடையில் அது ஆறவே இல்லை. எனவே கோடை மாதங்களில் வேலை கிழக்கே சற்று உயரமான அமர்கோசா தொழிற்கூடத்துக்கு மாற்றப்பட்டது. ஹார்மனியின் உற்பத்தி நாளொன்றுக்கு 3 அமெரிக்க டன், அதாவது ஏறக்குறைய 2,700 கிலோ. வண்டிகள் எதிர்கொள்ள வேண்டியிருந்த அடிப்படை எண் இதுவே.

வண்டி

தொடக்கத்தில் பத்து அல்லது பன்னிரண்டு விலங்குகள் பூட்டிய சிறிய வண்டிகள் ஓடின. பத்து விலங்குகள் கொண்ட இரண்டு அணிகளை ஒன்றாக இணைத்தால் இருமடங்குக்கும் அதிகமான சரக்கை ஏற்றலாம், ஆட்களின் எண்ணிக்கையையோ கூட்ட வேண்டியதில்லை என்ற எண்ணத்தின் மேல்தான் புதிய வண்டிகள் திட்டமிடப்பட்டன. கோல்மனின் மேற்பார்வையாளர் ஜே. டபிள்யூ. எஸ். பெரி அவற்றை வடிவமைக்க, மொஹாவியில் பத்து வண்டிகள் செய்யப்பட்டன. ஒரு வண்டிக்கு ஆன செலவு சுமார் 900 டாலர்.

வண்டி செய்யும் ஆசாரியின் கண்ணால் அந்தச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தின் விட்டம் 7 அடி, முன்சக்கரத்தின் விட்டம் 5 அடி. சக்கரத்தின் குடம் 18 அங்குல விட்டமும் 22 அங்குல நீளமும் கொண்டது. ஆரக்கால்கள் ஓக் மரத்தை அறுத்து எடுக்கப்பட்டவை அல்ல, பிளந்து எடுக்கப்பட்டவை. அறுக்கும்போது வாள் மரத்தின் நாரை இடையில் வெட்டிவிடும், பிளக்கும்போது நார் தலையிலிருந்து கால்வரை அறுபடாமல் ஓடும். குடத்தருகே 5½ அங்குல அகலமாக இருந்த ஆரக்கால் வட்டையை நோக்கிச் செல்லச் செல்ல 4 அங்குலமாகக் குறுகியது. வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டா 8 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உடையது. இருசு மரமன்று, பின்பக்கம் 3½ அங்குலமும் முன்பக்கம் 3¼ அங்குலமும் கொண்ட சதுர எஃகுச் சட்டம்.

இவ்வளவுகளில் மிகையாகச் சொல்லத்தக்கது எதையும் என்னால் காண முடியவில்லை. உப்புத்தரையிலும் மணலிலும் குறுகிய பட்டா கத்தியைப்போல் இறங்கிவிடும். 8 அங்குலப் பட்டா எடையைப் பரப்பித் தரையின் மேலேயே நிற்கும். சிறிய சக்கரம் கல்லில் மோதி நிற்கும் இடத்தில் 7 அடிச் சக்கரம் ஏறி இறங்கிவிடும். உலர்ந்த காற்றில் மரம் சுருங்கினால் பட்டா தளர்ந்து ஆரக்கால்கள் ஆட்டம் காணும் என்பது எல்லா நாட்டு வண்டிக்காரர்களும் அறிந்த செய்தி. அத்தகைய காற்றில், தச்சுப் பட்டறை எதுவும் இல்லாத வழியில், ஒருமுறை மொஹாவி சென்றுசேரப் பின்சக்கரம் ஏறக்குறைய 39,600 சுற்றுகள் சுற்ற வேண்டியிருந்தது.

வண்டியின் பெட்டி 16 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி ஆழம். வெற்று வண்டியின் எடை 7,800 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3,540 கிலோ. அது சுமந்த சரக்கு 10 அமெரிக்க டன், ஏறக்குறைய 9,070 கிலோ. தன் எடையைப்போல இரண்டரை மடங்கை ஒரு மரவண்டி பாதையற்ற நிலத்தில் சுமந்தது. இத்தகைய இரண்டு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அவற்றின் பின்னே 1,200 கேலன் கொள்ளும் தண்ணீர்த் தொட்டி வண்டியையும் இணைத்தனர். முழுத் தொடரின் எடை 73,200 பவுண்டு, ஏறக்குறைய 33 மெட்ரிக் டன்.

ஒற்றைக் கயிறும் தாண்டும் விலங்குகளும்

இருபது கோவேறு கழுதைகள் என்று பெயர் நிலைத்துவிட்டாலும், வழக்கமாகப் பூட்டப்பட்டவை 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளுமே. வண்டியின் ஏர்க்காலை ஒட்டி நிற்கும் கடைசி ஜோடிக்கு உடற்கனம் தேவைப்பட்டது. நின்ற வண்டியை முதலில் அசைப்பதும், திரும்பும்போது ஏர்க்காலைத் தள்ளிப் பிடிப்பதும் அந்த ஜோடியின் வேலை. அதனால் அங்கே பெருங்குதிரைகள் நின்றன. முன்னே நின்ற ஜோடிகளுக்குக் கனத்தைவிடப் புத்தியும் பொறுமையும் வேண்டியிருந்தன. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை வெப்பத்தையும் அரைவயிற்றுத் தீவனத்தையும் குதிரையைவிட நன்கு தாங்கும். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்கும்.

வண்டியின் முன்னிருந்து தலைஜோடி வரை ஒரு நீண்ட சங்கிலி ஓடியது. அதன் இருபுறமும் ஜோடிகள் பூட்டப்பட்டன. இத்தனை விலங்குகளுக்கும் ஜோடிக்கு ஜோடி கடிவாள வார் பிடிப்பது மனிதக் கைகளால் ஆகாது. ஆகவே, ஜெர்க் லைன் எனப்பட்ட, சுமார் 120 அடி நீளமுள்ள ஒரே கயிறு இடப்பக்க விலங்குகளின் கழுத்துப்பட்டை வளையங்கள் வழியாகச் சென்று, இடப்பக்கத் தலைவிலங்கின் கடிவாளத்தில் முடிந்தது. வண்டியோட்டி கயிற்றைச் சீராக இழுத்துப் பிடித்தால் தலைவிலங்கு இடப்பக்கம் திரும்பும். விட்டுவிட்டுச் சுண்டினால் வலப்பக்கம் திரும்பும். அத்தோடு 'ஹா', 'ஜீ' என்ற குரல்களும் உண்டு. மற்ற விலங்குகள் தலைவிலங்கைப் பின்பற்றின. ஒவ்வொன்றும் தன் பெயரை அறிந்திருந்தது.

மலைவளைவில் நடப்பதே இதில் மிகவும் நுட்பமானது. நீண்ட சங்கிலியை முன்னே பல ஜோடிகள் இழுக்கும்போது, வளைவில் அது வில்லின் நாணைப்போல நேராகப் போகத்தான் முயலும். விட்டால் வண்டி பாதையை விட்டு உட்பக்கப் பாறையிலோ பள்ளத்திலோ இறங்கும். அதைத் தடுக்க, ஏர்க்காலுக்கு முன்னால் இருந்த மூன்று ஜோடிகள் தனிப்பயிற்சி பெற்றிருந்தன. வளைவு வந்ததும் வண்டியோட்டி பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்ட விலங்கு இறுகி ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியை ஒரே தாண்டாகத் தாண்டி மறுபக்கம் போய், தன் ஜோடியுடன் சேர்ந்து வளைவுக்கு வெளிப்புறமாகச் சாய்ந்து, பக்கவாட்டில் அடிவைத்து இழுக்கும். முன்னே செல்லும் விலங்குகள் வளைவைக் கடந்து கண்ணுக்கு மறைந்திருக்கும்போதும் இவை மூன்றும் சங்கிலியைப் பாதையின் வளைவுக்கேற்ப நிறுத்திப் பிடித்திருக்கும். வண்டிகள் வளைவைத் தாண்டியதும் மறுபடி சங்கிலியைத் தாண்டித் தம் இடத்துக்கு வரும். முன்னோக்கி இழுப்பது எந்த விலங்குக்கும் கற்பிக்கக்கூடியது. மற்றவை முன்னே இழுக்கையில் தான் மட்டும் வேறு திசையில் இழுக்க வேண்டும் என்பதைக் கற்பித்தவரையும் கற்றுக்கொண்டதையும் நான் மனமார மதிக்கிறேன்.

தண்ணீர்க் கணக்கு

வழி ஹார்மனியிலிருந்து தெற்கே இறங்கி உப்புப்படுகையைக் கடந்தது. கத்திமுனைபோல உறைந்து நின்ற உப்புக்கட்டிகளைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கியே அங்கே சுமார் 8 மைல் பாதை அமைத்தனர். பிறகு பள்ளத்தாக்கின் மேற்கு ஓரமாகச் சென்று, விங்கேட் கணவாய் வழியாக மேலேறி, லோன் வில்லோ, கிரானைட் வெல்ஸ் முதலிய நீர்நிலைகளைத் தொட்டு மொஹாவியை அடைந்தது. ஒருவழிப் பயணம் 10 நாள். நாளொன்றுக்கு 16 முதல் 18 மைல். போய்த் திரும்ப 20 நாள்.

நீர்நிலைகள் நாள்நடைக்கு ஒன்றாக அமைந்திருக்கவில்லை. அவற்றுள் இரண்டுக்கு இடையே பல நாள் நடை இருந்த பகுதிகளில், நிறுவனம் வறண்ட தங்கிடங்களை ஏற்படுத்தி, ஊற்றிலிருந்து 500 கேலன் தொட்டி வண்டிகளில் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒவ்வொரு தங்கிடத்திலும் தீவனப் பெட்டிகள் இருந்தன. வண்டிகள் மொஹாவியிலிருந்து வெறுமனே திரும்பவில்லை. வைக்கோலையும் தானியத்தையும் தொழிற்கூடத்துக்கான பொருள்களையும் ஏற்றி வந்து, தாங்கள் அடுத்தமுறை வெளியே செல்லும்போது விலங்குகள் தின்பதற்கான தீவனத்தை ஒவ்வொரு தங்கிடத்திலும் இறக்கிச் சென்றன. பள்ளத்தாக்கை விட்டுச் சரக்கோடு மேலேறும்போது ஒரு கட்டு வைக்கோலைக்கூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை. பாரம் ஏறும் திசையில் தீவனத்தின் எடையை முற்றாக நீக்கிய இந்த ஏற்பாடே, என் கணிப்பில், சக்கரத்தின் 7 அடி விட்டத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு.

தொட்டியின் அளவையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1,200 கேலன் என்பது ஏறக்குறைய 4,540 லிட்டர். இருபது விலங்குகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 227 லிட்டர். சுமையிழுக்கும் பெரிய விலங்கு வெயிலில் நாளொன்றுக்கு 50 லிட்டர் குடிக்கும் என்று கொண்டால், நாலரை நாள் தாங்கும். முழுப் பயணத்துக்கும் இது போதாது. ஓர் ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றை எட்ட இது போதும். அதைவிடப் பெரிய தொட்டியைச் சேர்த்திருந்தால் அந்த எடையை இழுக்கவே மேலும் விலங்குகளைப் பூட்டி, அவற்றுக்காக மேலும் தண்ணீரைச் சுமக்க நேர்ந்திருக்கும்.

இரண்டு ஆட்களும் மற்றவர்களும்

33 மெட்ரிக் டன் தொடரை நடத்தியவர்கள் இருவர். வண்டியோட்டிக்கு மாதம் 100 முதல் 120 டாலர் வரை கூலி. ஸ்வாம்பர் என அழைக்கப்பட்ட உதவியாளுக்கு ஏறக்குறைய 75 டாலர். இறக்கத்தில் பின்வண்டியின் தடையை இழுத்துப் பிடிப்பது, சுள்ளி பொறுக்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, விலங்குகளுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் உதவியாளின் பொறுப்பு. நாள் முழுதும் தூசியிலும் வெக்கையிலும் இருவரே, வேறு முகம் காணாமல், இருபது நாள் கழித்தனர்.

இந்த இருவரைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. பஞ்சுருண்டைகளைச் சேர்த்த சீனத் தொழிலாளர்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய விரும்புகிறேன். ஹார்மனியில் வேலை செய்தவர்கள் சுமார் 40 பேர். நிழலற்ற உப்புத்தரையில் குனிந்து சுரண்டிய சீனர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றேகால் டாலர் கிடைத்தது. மாதத்தில் ஒரு நாளும் விடாமல் உழைத்தாலும் அது 39 டாலரைத் தாண்டாது. அதே காலத்தில்தான், 1882-இல், சீனத் தொழிலாளர் குடிவரவைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. வெண்காரப் பெட்டியின் மேல் பிற்காலத்தில் அச்சான படத்தில் விலங்குகளும் வண்டிகளும் உள்ளன. சரக்கைத் தரையிலிருந்து எடுத்தவர்கள் இல்லை.

எண்களைச் சரிபார்த்தல்

இவ்வண்டிகள் 1883 முதல் 1889 வரை இரண்டு கோடி பவுண்டு வெண்காரத்தைச் சுமந்தன, ஒரு விலங்கும் சாகவில்லை, ஒரு வண்டியும் உடையவில்லை என்று வெண்கார நிறுவனத்தின் விளம்பர மரபு கூறிவருகிறது. பலரும் அதை அப்படியே எடுத்தெழுதுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

நாளொன்றுக்கு 3 டன் என்பது 6,000 பவுண்டு. ஆண்டின் எல்லா நாளும் உற்பத்தி நடந்ததாகக் கொண்டால் ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பவுண்டுதான் வரும். வண்டிகளின் பக்கமிருந்து பார்த்தாலும் விடை மாறவில்லை. பத்து வண்டிகள் ஐந்து ஜோடிகளாக ஓடின. ஒரு ஜோடி 20 நாளில் 20 டன் கொண்டு சேர்க்கும். ஆக, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு தொடர் கிளம்பினால் நாளொன்றுக்குச் சராசரி 5 டன். ஒரு நாளும் ஓய்வின்றி ஐந்தாண்டு ஓடியிருந்தாலும் அது 1 கோடியே 82 லட்சம் பவுண்டையே எட்டும். எனவே இரண்டு கோடி என்பது மிகையான எண் என்றே நான் கொள்கிறேன். விலங்கும் வண்டியும் பழுதுபடவே இல்லை என்ற கூற்றையும் அதே எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

இந்தக் கணக்கு வண்டிகளின் பெருமையைக் குறைக்கவில்லை. உற்பத்தி நாளொன்றுக்கு 3 டன், சுமக்கும் திறன் 5 டன். இடைவெளியாக இருந்த 2 டன், நொண்டும் விலங்கை நிறுத்தவும், சக்கரத்தைச் சரிபார்க்கவும், ஒரு தொடர் இரண்டு நாள் தாமதித்தாலும் தொழிற்கூடத்தில் சரக்கு குவியாமல் காக்கவும் போதுமானது. அந்த இடைவெளியைத் தெரிந்தே விட்டவரின் கை இத்திட்டத்தில் தெரிகிறது.

வண்டிகள் நின்ற விதம்

வண்டிகளைப் பாலைவனம் நிறுத்தவில்லை. வெண்காரத்தின் விலை சரிந்தது. இறக்குமதி வரியை நீக்கும் முயற்சி சந்தையைக் கலக்கியது. கோல்மனின் மற்ற வணிகங்களும் நெருக்கடியில் சிக்க, 1888-இல் அவருடைய நிறுவனம் முறிந்தது. ஹார்மனியின் கொதிகலன்கள் அணைந்தன. சொத்துகளை வாங்கிய ஃபிரான்சிஸ் மரியன் ஸ்மித் 1890-இல் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனத்தை அமைத்து, இரயிலுக்கு அருகிலிருந்த காலிக்கோ மலைகளில் கிடைத்த, கோல்மனின் பெயரையே தாங்கிய கோல்மனைட் கனிமத்தின் பக்கம் திரும்பினார். அங்கே போரேட் முகாமிலிருந்து டாகெட் இரயில் நிலையத்துக்கு மறுபடி விலங்குத் தொடர்கள் ஓடின. 1894-இல் ஓல்ட் டைனா என்ற நீராவி இழுவை இயந்திரம் அவற்றின் இடத்தில் சோதிக்கப்பட்டது. மணலிலும் ஏற்றத்திலும் அது தடுமாறியதால் விலங்குகளை உடனே விலக்க இயலவில்லை. 1898-இல் சுமார் 11 மைல் நீளமுள்ள குறுகிய இரயில்பாதை போடப்பட்ட பின்னரே அவற்றின் வேலை முடிந்தது.

உண்மையான ஓட்டம் ஐந்தாண்டு. விளம்பர ஓட்டம் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பணியாற்றிய ஸ்டீபன் மேத்தர் 1890-களில் இருபது கோவேறு கழுதைகளின் படத்தை வணிகச் சின்னமாக முன்னிறுத்தினார். அவரே பின்னர் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநரானார். 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இத்தகைய தொடர் காட்சிக்கு வைக்கப்பட்டது. மரணப் பள்ளத்தாக்கு 1933-இல் தேசிய நினைவிடமாகவும் 1994-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

ஹார்மனியில் இன்று சிதைந்த மண்சுவர்களும், துருப்பிடித்த கொதிகலனும், அருகே நிறுத்தப்பட்ட வண்டித் தொடரும் உள்ளன. 2016-இல் பழைய வண்டிகளின் அளவுகளைக் கொண்டே மான்டானா மாநிலப் பட்டறை ஒன்றில் புதிய தொடர் செய்யப்பட்டு, 2017 ஜனவரி 2 அன்று கலிபோர்னியாவின் பசடேனா நகரில் நடந்த ரோஜா அணிவகுப்பில் விலங்குகள் பூட்டி ஓட்டப்பட்டது. அப்போதும் தலைவிலங்கின் கடிவாளத்துக்குச் சென்றது ஒரே ஒரு கயிறுதான்.